கறுத்ததும் முடிந்துவிடாது: எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கான காந்த நானோ துகள்கள்

பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று நெல்லையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. இயற்பியலோ வேதியியலோ படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வருஷ ப்ராஜெக்ட் என்னவென்று கேட்டுப் பாருங்கள். இரும்பு ஆக்சைடு நானோ துகள் என்று சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பயன்படும் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு வரி வரும். அப்புறம் ஒரு கறுப்புப் பொடி, அதற்கான வரைபடங்கள். அந்தப் பொடியை அப்படியே எடுத்து ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் ஸ்கேன் மேசைமேல் படுத்திருக்கும் ஒருவருக்கு ஊசியில் ஏற்ற முடியுமா? முடியாது. ஏன் முடியாது, முடிய வேண்டுமென்றால் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் விரிவாகச் சொல்வதில்லை. பொடி செய்வதைவிட அந்தப் பகுதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செய்முறை எளிதுதான். 1981இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மாசார் வெளியிட்ட முறையின் சாயலைத்தான் பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. இரும்பின் இரண்டு உப்புகளில் ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு, ஃபெர்ரிக் குளோரைடு இரண்டு பங்கு, மோல் கணக்கில் எடுத்து, காற்றை வெளியேற்றிய வாலை வடிநீரில் கரைக்க வேண்டும். 80 டிகிரி போலச் சூடாக்கி, நைட்ரஜனைக் குமிழியிட விட்டு, வேகமாகக் கலக்கிக்கொண்டே அமோனியாவை ஊற்றினால் பழுப்பாக இருந்த கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு அது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பீக்கருக்கு அடியில் வைத்தால் கறுப்பு முழுவதும் கீழே போய் அப்பிக்கொள்ளும். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, திரும்பத் திரும்பக் கழுவலாம்.

கோளாறுகளும் இங்கேயே ஆரம்பித்துவிடுகின்றன. ஃபெரஸ் குளோரைடு புதிதாக இருக்கும்போது இளம்பச்சை. திறந்து மூடித் திறந்து மூடி ஸ்டோர் ரூமில் கிடந்த பாட்டிலில் ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கும். காற்றுப்பட்டு ஃபெரஸில் ஒரு பகுதி ஃபெர்ரிக்காக மாறிவிட்டது என்று அர்த்தம். தராசில் எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு பாட்டிலுக்குள்ளேயே தவறிப்போயிருக்கும். ஃபெர்ரிக் குளோரைடோ ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே கசிந்து பேப்பரில் ஒட்டும், எடையும் ஏறிக்கொண்டே போகும். கலக்குவதிலும் ஒரு சங்கதி உண்டு. எல்லா வேலைக்கும் நாம் வைத்திருக்கும் மேக்னடிக் ஸ்டிரர் இதற்கு ஆகாது. பீக்கருக்குள் சுழலும் அந்த வெள்ளைத் துண்டுக்குள் இருப்பதும் காந்தம்தானே? பிறந்த துகளெல்லாம் அதன்மேல் ரோமம் ரோமமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து மோட்டார் சுழற்றும் துடுப்பு வேண்டும்.

சரி, இந்தத் துகளுக்கு ஸ்கேன் அறையில் என்ன வேலை?

"ஆச்சி, மூக்குத்தி, கம்மல் எல்லாம் கழத்தி மக கிட்ட குடுத்திருங்க" என்று டெக்னீஷியன் சொல்லி உள்ளே அழைக்கும் அறையில் இருப்பது பெரும்பாலும் 1.5 டெஸ்லா காந்தம். காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு டெஸ்லா. நெல்லையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஸ்கேனர் அதைப்போல் 35 ஆயிரம் மடங்குக்கும் மேல். உடம்பில் அதிகம் இருப்பது நீர். அந்த நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் 1.5 டெஸ்லாவில் விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழல்கின்றன. அதே வேகத்தில் அதிரும் ரேடியோ அலையை அனுப்பினால் அவை ஒத்திசைந்து சுழலத் தொடங்கும். அலையை நிறுத்தியதும் அணுக்கருக்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய சமிக்ஞையைத்தான் இயந்திரம் படமாக்குகிறது. அந்த ஒத்திசைவு கலைய ஆகும் காலத்தை டி2 என்பார்கள். அணுக்கருக்கள் பழைய நிலைக்கு மீள ஆகும் காலம் டி1. கல்லீரலுக்கு ஒரு டி2, மூளைக்கு ஒன்று, கட்டிக்கு ஒன்று. 1973இல் பால் லாட்டர்பர் இந்த வழியில் முதல் படத்தை வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

சில சமயம் கட்டிக்கும் பக்கத்துத் திசுவுக்கும் வித்தியாசம் போதாது. "கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும், கிரியாட்டினின் பார்த்துட்டு வாங்க" என்று சொல்வது அப்போதுதான். இன்று அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் கடோலினியம் என்ற உலோகம். 1988இலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. டி1 காலத்தைக் குறைத்து, போய்ச் சேர்ந்த இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும். தனி அயனியாக அது நஞ்சு என்பதால் கரிம மூலக்கூறு ஒன்றின் பிடிக்குள் அடைத்துத் தருகிறார்கள். சிறுநீரகம் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிட வேண்டும். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களின் உடம்பில் அது தங்கினால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு நோய் வரக்கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைக் கேட்பது அதற்காகத்தான்.

இரும்பின் மேல் கண் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் உடம்பிலேயே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. கிழடான ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, அதிலுள்ள இரும்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு மண்ணீரலிலும் கல்லீரலிலும் பிறவியிலேயே உண்டு. தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படி மறுபடி பயன்படுகிறது.

மேக்னடைட் துகள் ஒன்று தன்னைச் சுற்றி ஒரு குட்டிக் காந்தப்புலத்தை வைத்திருக்கும். அதன் அருகே வரும் நீரின் ஹைட்ரஜன்களுக்கு ஆளுக்கொரு புலம் கிடைப்பதால் ஒத்திசைவு சட்டென்று கலைகிறது. டி2 குறைகிறது, படத்தில் அந்த இடம் கறுக்கிறது. கல்லீரலில் ரத்தத்தோடு வரும் அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே குப்ஃபர் செல்கள் இருக்கின்றன. ஊசியில் ஏற்றிய துகள்களை அவை விழுங்கிவிட, நல்ல கல்லீரல் முழுக்கக் கறுத்துவிடும். பரவி வந்த புற்றுக் கட்டியில் அந்தச் செல்கள் கிடையாது. அது மட்டும் வெளுப்பாக நிற்கும். அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் மருந்து இப்படித்தான் வேலை செய்தது. கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு என்பது அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 34 மில்லிகிராம் வரும். உடம்பு சமாளிக்கக்கூடிய கணக்குதான்.

உவரி, பெரியதாழைப் பக்கம் கடற்கரையில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் கருமணல் ஒட்டுகிறதே, அதையே அரைத்துக்கொள்ளக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அந்தக் கருமணலில் பெரும்பகுதி இல்மனைட். காந்தத்தை நோக்கித் துள்ளி ஒட்டும் சில மணிகள்தான் மேக்னடைட். அரைக்கும் வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். எடையில்லாத வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எஞ்சினுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதற்காக, 1960களின் தொடக்கத்தில் நாசாவின் ஸ்டீஃபன் பாப்பெல் மேக்னடைட்டை ஓலியிக் அமிலத்தோடும் மண்ணெண்ணெய் வகை எண்ணெயோடும் சேர்த்து நீண்ட நேரம் அரைத்தார். காந்தம் இழுத்த இழுப்புக்கு வரும் திரவம் கிடைத்தது. அதன் வழிவந்த திரவங்கள் பிறகு ஸ்பீக்கருக்குள்ளும் சுழலும் தண்டுகளின் அடைப்பிலும் இடம்பிடித்தன. ஆனால் அரைத்த பொடியில் சின்னதும் பெரியதும் கலந்தேதான் இருக்கும். நம் மணலில் டைட்டானியம் உண்டு, தோரியம் சேர்ந்த மோனசைட்டும் உண்டு. ரத்தத்தில் விடுகிற பொருளைத் தூய உப்பிலிருந்து அணு அணுவாகக் கட்டி எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

துகளின் அளவு என்ற விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எல்லாம் இதில்தான் இருக்கிறது. 10 நானோமீட்டர் மேக்னடைட் உருண்டை ஒன்றில் சுமார் 20 ஆயிரம் இரும்பு அணுக்கள் இருக்கும். அத்தனையின் காந்தமும் சேர்ந்து ஒரே அம்பாக நிற்கும். ஆனால் துகள் சின்னது என்பதால் அறை வெப்பமே அந்த அம்பை இங்கும் அங்கும் புரட்டிவிடப் போதும். 1949இல் லூயி நீல் இதற்குக் கணக்கு எழுதிவைத்தார்; 1970இல் நோபல் பெற்றவர் அவர். புரளும் நேரம் துகளின் பருமனைப் பொறுத்து அடுக்குக்குறியில் ஏறுகிறது. மேக்னடைட்டின் எண்களைப் போட்டுப் பார்த்தால், 10 நானோமீட்டரில் அது சில நானோ விநாடி. 20இல் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். 25ஐத் தொட்டால் விநாடிக் கணக்கு. விட்டம் இரண்டரை மடங்கு கூடியதற்கு நேரம் நூறு கோடி மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

நோயாளியின் உடம்பில் இதற்கு என்ன பொருள்? சின்னத் துகள், ஸ்கேனரின் காந்தத்துக்குள் இருக்கும்வரை காந்தமாக நடந்துகொள்ளும். வெளியே வந்ததும் அம்பு திசை தெரியாமல் புரள, காந்தத்தன்மை இல்லாததுபோல் ஆகிவிடும். துகள்கள் ஒன்றையொன்று இழுக்காது. இதைத்தான் சூப்பர்பாரா காந்தத்தன்மை என்கிறார்கள். 25, 30 நானோமீட்டர் துகள் அப்படியில்லை. அது நிலையான காந்தம். ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். நுண்குழாய்களில் அப்படி ஒரு சங்கிலி போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ரொம்பச் சின்னதாகச் செய்துவிடலாமே என்றால், அங்கேயும் ஒரு தடை. துகளின் மேற்பரப்பில் உள்ள அணுக்களுக்கு எல்லாப் பக்கமும் அண்டை அணுக்கள் இல்லாததால் அவற்றின் காந்தத் திசை கலைந்து கிடக்கும். 10 நானோமீட்டர் உருண்டையில் அந்த மேல்தோல் ஒரே ஒரு நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தப் பருமனில் கிட்டத்தட்டப் பாதி அதற்கே போய்விடும். துகளாக இல்லாத பெரிய மேக்னடைட் துண்டின் காந்தமேற்றம் கிராமுக்கு 92 இ.எம்.யு. (காந்தமேற்றத்தை அளக்கும் அலகு); ஆய்வகத் துகளில் அது 60, 70 என்று நிற்பதற்கு இது முக்கியமான காரணம். இந்தக் குறையையே நல்லதாகத் திருப்பியவர்களும் இருக்கிறார்கள். தென்கொரியாவின் டேக்வான் ஹியோன் குழு 2011இல் 3 நானோமீட்டர் அளவுத் துகள்களைச் செய்தது. அவற்றில் காந்தம் மிகக் குறைவு, மேற்பரப்பு மிக அதிகம். ஆகவே அவை கடோலினியத்தைப் போல டி1 காலத்தைக் குறைத்து இடத்தை வெளிச்சமாக்கின. ஒரே பொருள்தான், 3 நானோமீட்டரில் வெளுப்பு, 10இல் கறுப்பு.

ஆக, ஒரு குப்பியில் உள்ள துகள்களில் ஒன்று 5, ஒன்று 12, ஒன்று 24 என்றிருந்தால் அந்தக் குப்பி என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமோனியா ஊற்றிச் செய்யும் முறையின் பெரிய பலவீனம் இதுதான். உடன்குடிப் பக்கம் பனைத்தொழில் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடலாம். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவிட்டால் பொடிப்பொடி மணியாக இறுகிக் கருப்பட்டி ஆகும். அதே பாகை நூல் தொங்கவிட்ட பாத்திரத்தில் அசையாமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், முதலில் பிடித்த சில மணிகள் மட்டும் வளர்ந்து வளர்ந்து பனங்கற்கண்டாகும். துகள் விஷயத்திலும் மணி பிடிப்பது ஒரு கட்டம், பிடித்த மணி வளர்வது இன்னொரு கட்டம். எல்லா மணியும் ஒரே நொடியில் பிடித்து, அதற்கு மேல் புதிது பிடிக்காமல், பிடித்தவை மட்டும் ஒன்றுபோல வளர்ந்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். 1950இல் லாமரும் டினெகரும் சொன்னது இதைத்தான். சொட்டு சொட்டாக அமோனியா விடும்போது முதல் சொட்டில் பிடித்த மணி வளர்ந்துகொண்டிருக்கும்போதே பத்தாம் சொட்டில் புது மணி பிடிக்கிறது. அளவு எப்படி ஒன்றுபோல வரும்? ஒரே மூச்சில் ஊற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அங்கேயும் பீக்கரின் நடுவில் ஒரு கார அளவு, ஓரத்தில் ஒன்று.

இதிலிருந்து தப்ப இன்னொரு வழி உண்டு. 2004இல் ஹியோன் குழு விவரித்த முறையில் தண்ணீரே கிடையாது. இரும்பு ஓலியேட் என்ற மெழுகு போன்ற சேர்மத்தை ஆக்டாடெசீன் என்ற அதிகக் கொதிநிலை கொண்ட திரவத்தில் கரைத்து, நிமிஷத்துக்கு 3.3 டிகிரி வீதம் 320 டிகிரி வரை ஏற்றி, அரைமணி நேரம் வைத்திருக்கிறார்கள். சேர்மம் வெப்பத்தில் உடைந்து, மணி பிடிப்பதும் வளர்வதும் தனித்தனி வெப்பநிலையில் நடக்கிறது. ஒரே தடவையில் 40 கிராம் வரை, அச்சில் வார்த்தது மாதிரி ஒரே அளவுத் துகள் கிடைத்தது. கரைப்பானை மாற்றினால் 5இலிருந்து 22 நானோமீட்டர் வரை வேண்டிய அளவை எடுக்கலாம். முறையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. ஆனால் பிறக்கும் துகளின் மேல் ஓலியிக் அமிலம் போர்வையாக ஒட்டியிருக்கும். அது எண்ணெயில் மிதக்கும், தண்ணீரில் சேராது. ரத்தமோ தண்ணீர் சார்ந்தது. ஆகவே அந்தப் போர்வையைக் கழற்றி வேறு போர்வை மாட்ட வேண்டும். அந்த வேலையில் கவனம் தப்பினால் அத்தனை அழகாக வந்த துகளெல்லாம் கட்டிபட்டுவிடும்.

போர்வை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். மருந்தா, வெறும் பொடியா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. சிட்ரிக் அமிலம் பூசிய துகள்கள், மேற்பரப்பில் உள்ள எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வடிநீரில் மாதக்கணக்கில்கூடத் தெளிவாக நிற்கும். அதில் உப்பு சேர்ந்ததும் தள்ளும் விசை மங்கி, துகள்கள் நெருங்கிச் சேர ஆரம்பிக்கும். சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் 0.9 சதவீத சலைன் பாட்டில் ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். சோதனைக்குழாயில் அதை ஊற்றி, துகள் கரைசலில் கொஞ்சம் விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் அடியில் கறுப்பு வண்டல் கிடந்தால் அந்தத் துகள் ரத்தத்துக்கு லாயக்கில்லை.

டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பூசும் பழக்கம் இதனால் வந்தது. சங்கிலிகள் துகளைச் சுற்றி அடர்ந்து நிற்பதால் உப்பு வந்தாலும் துகள்கள் நெருங்க முடியாது. 1980களிலிருந்தே அமோனியா ஊற்றும் கட்டத்திலேயே டெக்ஸ்ட்ரானையும் சேர்த்துவிடும் முறை இருக்கிறது. போர்வையோடு சேர்ந்த மொத்த அளவுதான் உடம்புக்குள் துகளின் விதியை முடிவு செய்யும். ஃபெரிடெக்ஸில் உள்ளிருக்கும் மேக்னடைட் 5 நானோமீட்டர் அளவுதான், மொத்தம் 100 நானோமீட்டருக்கு மேல். அதனால் சில நிமிஷங்களில் கல்லீரல் பிடித்துக்கொண்டது. ஃபெருமாக்ஸிடால் என்ற இன்னொன்றின் மொத்த அளவு 30 நானோமீட்டர் போல. அது மணிக்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றிவரும், ரத்தக்குழாய்களைப் படமெடுக்க ஏற்றது.

நம் ப்ராஜெக்ட் அறிக்கைகளில் எனக்குள்ள பெரிய வருத்தம் இந்த இடத்தில்தான். கழுவியதும் துகளை ஓவனில் காயப்போட்டு உரலில் இடித்துவிடுகிறோம், எக்ஸ் கதிர் விட்டுப் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி எடுக்கப் பொடி வேண்டும் என்பதற்காக. போர்வையில்லாமல் ஒருமுறை காய்ந்த துகள் இறுகிக் கட்டிபட்டுவிடும். பிறகு ஒலி அதிர்வால் பிரித்துவிடும் சோனிகேட்டரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பழையபடி தனித்தனியாகப் பிரியாது. அப்புறம் சூளை. 600 டிகிரியில் வைத்து எடுத்தால் எக்ஸ்ஆர்டி வரைபடத்தின் உச்சிகள் கூர்மையாக வருகிறது என்பார்கள். வரும்தான். காற்றில் அந்தச் சூட்டுக்குப் போனால் மேக்னடைட் முதலில் மேகமைட் என்ற இன்னொரு காந்த இரும்பு ஆக்சைடாகி, கடைசியில் ஹேமடைட் ஆகிவிடும். சாத்தான்குளத்துத் தேரிக்காட்டு மணலின் செம்மைக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு அது. காந்தத்துக்கு அநேகமாக அசையாது.

எக்ஸ்ஆர்டியில் 35.5 டிகிரியில் வரும் உச்சியைக் காட்டி மேக்னடைட் என்று எழுதுவதும் அரைகுறைதான். மேகமைட்டின் உச்சியும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வரும். உச்சியின் அகலத்தை வைத்துக் கணக்கிடும் ஷெரர் சமன்பாடு தரும் எண் படிக மணியின் அளவு. அது போர்வையையோ கட்டிபட்டதையோ சொல்லாது. அதற்கு எலெக்ட்ரான் நுண்நோக்கியும், கரைசலில் உள்ள துகள்மேல் லேசர் அடித்து அளக்கும் டி.எல்.எஸ்.ஸும் வேண்டும்.

இலைச் சாற்றில் செய்யும் பசுமை முறை இப்போது எங்கும் பிரபலம். நொச்சி, துளசி, ஆவாரை என்று பட்டியல் நீள்கிறது. ஆர்வம் நல்லதுதான், ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்தால் கறுப்பு மை கிடைக்கும் என்பது நம் வீடுகளில் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கடுக்காயின் டானின் இரும்போடு பிணைந்து உண்டாகும் சேர்மத்தின் கறுப்பு அது. அதில் காந்தம் இல்லை. இலைச் சாற்றிலும் இதே வகைச் சேர்மங்கள் நிறைய உண்டு. இரும்புத் துகள் என்று அறிவிக்கப்பட்ட சில பொருட்களைப் பின்னால் நுணுகிச் சோதித்தபோது அவை இரும்பும், டானின் போன்ற பாலிஃபீனாலும் பிணைந்த சேர்மங்கள்தான் என்று தெரியவந்தது. கறுத்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். காரம் சேர்த்துத் துகளைச் செய்துவிட்டு, இலையின் மூலக்கூறுகளைப் போர்வையாகப் பயன்படுத்துவது வேறு. அதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

உயிர் வழியில் துகள் செய்வதில் நம் எல்லாரையும் விட முந்திக்கொண்டவை பாக்டீரியாக்கள். 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர், சேற்று நீரில் ஒரு பக்கமாகவே நீந்திப்போகும் பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். அவற்றின் உடலுக்குள் மேக்னடைட் படிகங்கள் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு படிகமும் தனித்தனிச் சவ்வுப் பைக்குள் வளர்வதால், ஓர் இனத்தில் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். வடக்கு அரைக்கோளத்தில் அவை வடக்கு நோக்கிப் போகும். அங்கே காந்தக்கோடுகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அந்த வழி சேற்றுக்குக் கொண்டுசேர்க்கும். தெற்கில் உள்ளவை தெற்கு நோக்கும். காந்த நடுக்கோட்டில்? பிரேசிலின் ஃபோர்டலேசாவில் 1981இல் பார்த்தபோது இரண்டு வகையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. நம் ஊரும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காந்த ஊசி இங்கே கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுத்துவிடும். அந்தக் காரணத்துக்காகவே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. நெல்லைக் குளத்துச் சேற்றில் ஒரு கரண்டி, ஒரு சாதாரண நுண்நோக்கி, ஒரு சட்டக் காந்தம் இவ்வளவும் இருந்தால் எம்.எஸ்ஸி. மாணவர் ஒருவர் இங்கேயே இதைத் தேடத் தொடங்கிவிடலாம்.

இவ்வளவு நல்லதென்றால் நம் ஸ்கேன் சென்டர்களில் ஏன் இரும்பு ஊசி இல்லை? ஃபெரிடெக்ஸின் உற்பத்தி 2008இல் நின்றது. ரெசோவிஸ்ட் என்ற இன்னொன்று 2001இல் ஐரோப்பாவில் வந்து, சில ஆண்டுகளில் அங்கே சந்தையை விட்டுப் போனது. நோயாளியின் உடம்பில் அது செய்த வேலையில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பளிச்சென்று தெரிவதைப் படிப்பது எளிது. கறுப்பு என்றால் பழைய ரத்தக்கசிவா, கால்சியமா, காற்றா என்று குழப்பம் வரும். ஃபெரிடெக்ஸை அரைமணி நேரம் மெதுவாக ஏற்றவும் வேண்டும். சிலருக்கு முதுகுவலி வந்தது. அதற்குள் கல்லீரலுக்கென்றே கடோலினியத்தில் புது மருந்தும் வந்துவிட்டது.

துகள் அதோடு ஒழிந்துவிடவில்லை. ஃபெருமாக்ஸிடால், சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு மருந்தாக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடோலினியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஸ்கேனிலும் அதைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் உண்டு. கடுமையான ஒவ்வாமை அபாயத்தால் 2015இல் எச்சரிக்கை கூட்டப்பட்டு, வேகமாகச் செலுத்துவது போய் மெதுவாக ஏற்றும் முறை வந்தது. மார்பகப் புற்று முதலில் பரவிச் சேரும் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க வழக்கமாக டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்துவார்கள். அதன் அரைவாழ்வு 6 மணி நேரம்தான்; அணு மருத்துவத் துறை கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். மேக்ட்ரேஸ் என்ற இரும்புத் துகள் மருந்துக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்த பிறகு, முந்தின நாளே ஊசி போட்டுவிட்டு, கையடக்கக் காந்த உணரியால் கணுவைத் தேடும் வசதி வந்தது. பெரிய நகரங்களுக்கு வெளியே அறுவை செய்பவர்களுக்கு இது எத்தனை உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பாதையும் திறந்திருக்கிறது. ஹாம்பர்க்கில் பிலிப்ஸ் ஆய்வகத்தின் பெர்ன்ஹார்ட் கிளைக், யூர்கன் வைஸெனெக்கர் இருவரும் 2005இல் அறிவித்த காந்தத் துகள் படமெடுப்பு அது. நீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, துகளை மட்டும் பார்க்கும் இயந்திரம். திசுவிலிருந்து சமிக்ஞையே வராததால் துகள் இருக்கும் இடம் மட்டும் தனியாகத் தெரியும். அதற்கு ஏற்றவை 25 நானோமீட்டர் பக்கம் உள்ள, ஒரே அளவுத் துகள்கள். எம்.ஆர்.ஐ.க்கு நல்லதாக இருக்கும் குப்பி இதற்கு உதவாமல் போகலாம்.

சரி, நெல்லையில் உட்கார்ந்துகொண்டு நாம் என்ன செய்யலாம்? மருந்து தயாரிப்பது நம் கையில் இப்போது இல்லை. கிருமி நீக்கம், பாக்டீரியா நச்சு சோதனை, விலங்கு சோதனை, அனுமதி என்று அது நீண்ட வேலை. ஆனால் பொடியோடு நிற்காமல் இரண்டு அடி முன்னே போகலாம். முதலாவது, துகளில் இரும்பு எவ்வளவு என்று அளப்பது. அமிலத்தில் கரைத்து, ஹைட்ராக்ஸிலமின் சேர்த்து ஃபெரஸாக்கி, ஃபினாந்த்ரோலின் விட்டால் செவ்வாரஞ்சு நிறம் வரும். கல்லூரியில் இருக்கும், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் சாதாரண கலரிமீட்டரே அதைப் படித்துவிடும்.

இரண்டாவதற்கு ஒரு ஸ்கேன் சென்டரின் தயவு வேண்டும். லிட்டருக்கு 0.05இலிருந்து 0.5 மில்லிமோல் வரை வெவ்வேறு இரும்பு அளவுள்ள கரைசல்களை அகாரோடு கலந்து சின்ன மூடிக் குழாய்களில் ஊற்றி உறையவிட வேண்டும். துகள் அடியில் இறங்கிவிடாமல் இருக்கத்தான் அகார். ஒரு குழாயில் துகளில்லாத அகார் மட்டும். தெர்மோகோலில் துளையிட்டு வரிசையாகச் செருகி, தலை ஸ்கேனுக்கு மாட்டும் காயில் என்ற கூட்டுக்குள் வைத்து, கூட்டம் ஓய்ந்த நேரத்தில் டெக்னீஷியன் அண்ணாச்சியிடம் பல எக்கோ நேரங்களில், அதாவது அலை அனுப்பியபின் வெவ்வேறு இடைவெளியில் சமிக்ஞையைப் பிடித்து, ஒரு டி2 வரிசை எடுத்துத் தரச் சொல்லலாம். இரும்பு கூடக் கூடக் குழாய்கள் வரிசையாகக் கறுத்துப்போவது திரையில் தெரியும். ஒவ்வொரு குழாயின் டி2 காலத்தையும் தலைகீழாக்கி, இரும்பின் அளவுக்கு எதிரே புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு வரும். அதன் சரிவுக்குப் பெயர் ரிலாக்ஸிவிட்டி. உலகத்தில் எந்த ஆய்வகத்தின் துகளோடும் நம் துகளை ஒப்பிடக்கூடிய எண் அது. காந்தப்புலம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுத மறக்கக் கூடாது.

இதை ஒரு பேட்ச்சோடு நிறுத்திவிடாமல், அதே செய்முறையை மூன்று மாணவர்கள், மூன்று வெவ்வேறு நாளில், புதிதாகத் திறந்த ஃபெரஸ் குளோரைடு பாட்டிலிலிருந்து செய்து, மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட வேண்டும். சரிவுகள் ஒத்துவந்தால், ஹைகிரவுண்டில் உள்ள ரேடியாலஜி டாக்டர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டிப் பேச அந்த ஒரு பக்கம் போதும். ஒத்துவராவிட்டால், எந்தப் படியில் பிசகியது என்று அமோனியா ஊற்றிய வேகத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.